எட்டுக் கோரும் இரட்டைக் கார்டும்

தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி கைப்பேசியை நீட்டினான். ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டின் படம். அவனுடைய கம்ப்யூட்டரில் இருப்பதும் அதே ரகம்தான். பீடோரில் யாரோ விற்கிறார்களாம். “அண்ணே, இன்னொன்னு வாங்கிப் போட்டா கேம் ரெண்டு மடங்கு ஓடும்தானே? அப்படியே பிராசஸரையும் பதினாறு கோருக்கு மாத்திடலாமா?” கம்பாரில் படித்துக்கொண்டே பகுதி நேர வேலை பார்த்து, மாதக்கணக்கில் சேர்த்த காசு அவனுடையது.

அவனுடைய இரண்டு கேள்வியும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: எண்ணிக்கை கூடினால் வேகம் கூடும். இந்த நம்பிக்கை அவனாகக் கற்பனை செய்துகொண்டது கிடையாது. இருபது வருடத்துக்கும் மேலாகப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்பட்டது. அதிகக் கோர் என்பது ஒரு வாக்குறுதி. இரட்டைக் கார்டு என்பது இன்னொன்று. முதல் வாக்குறுதி தாமதமாக, ஓரளவுக்கு நிறைவேறியது. இரண்டாவது நிறைவேறாமலே போனது. தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டையும் முன்வைத்திருக்க, ஒன்று ஏன் நிலைத்தது, மற்றது ஏன் விழுந்தது என்பதைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

எதை வைத்து நிறுப்பது

மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு ஃபிரேமும் திரைக்கு வர எடுக்கும் நேரம். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடி, 30 என்றால் 33.3. சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பத்து ஃபிரேம் வேகமாக வந்து, பதினோராவது தடுக்கி விழுந்தால், சராசரியில் அது தெரியாது. விளையாடுபவரின் கைக்குத் தெரியும்.

இரண்டாவது, செலவு. வாங்கும் காசு, மாதாமாதம் வரும் மின்கட்டணம், அறையில் தேங்கும் சூடு மூன்றும் இதில் அடங்கும்.

மூன்றாவது, பொறுப்பு. ஒரு பாகம் தானாக வேலை செய்துவிடாது. அதை மற்றப் பாகங்களோடு சேர்த்து வேலை வாங்க யாரோ உழைக்க வேண்டும். அந்த உழைப்பு யாருடையது, அவருக்கு அதில் என்ன பயன், அவர் நாளைக்கும் அதைத் தொடர்வாரா? இந்தக் கேள்வியை விற்பனை விளம்பரம் கேட்பதில்லை. ஆனால் தீர்ப்பைத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் முடிவு.

கோர்: பெரட்டும் நிரையும்

2004 வரை பிராசஸரின் கதை எளிமையானது. வருடா வருடம் கிகாஹெர்ட்ஸ் ஏறும். பழைய கேம் புதிய பிராசஸரில் தானாக வேகம் பிடிக்கும். அந்த வருடம் இன்டெல் நிறுவனம், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரப்போவதாகச் சொல்லியிருந்ததைக் கைவிட்டது. சூடும் மின்சாரமும் சுவராக நின்றன. 2005-ல் இன்டெலும் ஏஎம்டியும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரட்டைக் கோர் பிராசஸர்களை இறக்கின. மென்பொருள் எழுதுபவர்களுக்கு அதுவரை இலவசமாகக் கிடைத்துவந்த வேகம் அன்றோடு நின்றது. இனி வேகம் வேண்டுமென்றால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பிரித்துக் கொடுப்பதில் உள்ள சிக்கலை எங்கள் பாட்டிமார் தினமும் கண்டவர்கள். தாப்பா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரம் நின்ற காலத்தில், விடியுமுன் எல்லாரும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு முடியும்வரை யாரும் நிரைக்குப் போக முடியாது. பிறகு ஆளுக்கொரு நிரை. அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எட்டுப் பேர் சீவினால் எட்டு மடங்கு மரம். ஆனால் பால் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால் மறுபடியும் வரிசை. நிறுத்து எழுதும் கிராணி ஒருவர்தான். நிரையில் இன்னும் எட்டுப் பேரை இறக்கினாலும் பெரட்டு நேரமோ, ஸ்டோரில் நிறுக்கும் நேரமோ குறையப்போவதில்லை; வரிசைதான் நீளும்.

ஒரு கேமின் ஒவ்வொரு ஃபிரேமும் இப்படி ஒரு முழு வேலைநாள். கையின் அசைவைப் படிப்பது, அதற்கேற்ப உலகத்தின் நிலையை மாற்றுவது, கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வரைபட ஆணைகளை ஒழுங்காக ஒப்படைப்பது ஆகியவை பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை. இடையிலுள்ள அசைவூட்டம், மோதல் கணக்கு, ஒலி, கூட்டத்திலுள்ள மனிதர்களின் நடத்தை போன்றவற்றைப் பங்கிடலாம். ஜீன் அம்டால் 1967-ல் சொன்ன விதி இதுதான்: பங்கிட முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே வேகத்தின் உச்சவரம்பு.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கோரில் ஒரு ஃபிரேமுக்கு 20 மில்லிவினாடி வேலை. அதில் 8 பங்கிட முடியாதது, 12 பங்கிடக்கூடியது. இரண்டு கோரில் 14 ஆகும். நான்கில் 11. எட்டில் 9.5. பதினாறில் 8.75. ஒன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 9 மில்லிவினாடி மிச்சம். எட்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போது ஒரு மில்லிவினாடிகூட இல்லை. இப்போது கோர் எட்டாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கோரும் கால்பங்கு குறைந்த நேரத்தில் வேலையை முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 9.5 என்பது 7.1 ஆகிவிடும். பதினாறு சாதாரணக் கோரை எட்டு வேகமான கோர் தோற்கடிக்கிறது. உண்மையான கேம்களில் இந்த விகிதம் கேமுக்குக் கேம் மாறும். கணக்கின் திசை மாறாது.

வரலாறும் அதே திசையில்தான் நடந்தது. 2011 அக்டோபரில் ஏஎம்டி, எஃப்எக்ஸ்-8150 பிராசஸரை எட்டுக் கோர் என்று சொல்லி இறக்கியது. அதன் உலோக மூடியில் ‘ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது, மலேசியாவில் செய்யப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கில வரிகள் இருக்கும். சிலிக்கானை அங்கே செய்து, பொதிந்து சோதித்தது நம் நாட்டில். 1972-ல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது முதல் இந்த வேலையில் நம் மக்களின் கைகள் இருக்கின்றன. பழைய இன்டெல் பிராசஸர்களின் மூடியில் ‘மலாய்’ என்று பொறித்திருப்பதும் அதனால்தான். நாம் பொதிந்து அனுப்பிய பொருளின் நிறைகுறையை நாமே நிறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அந்த எட்டுக் கோரில் இரண்டிரண்டு கோர்கள் சேர்ந்து ஒரு தொகுதி. தசமக் கணக்குப் போடும் பகுதியையும் வேறு சில பகுதிகளையும் இரண்டும் பகிர்ந்துகொண்டன. அதே வருட ஜனவரியில் வந்த இன்டெலின் நான்கு கோர் ஐ5-2500கே, பெரும்பாலான கேம்களில் அதை முந்தியது. ஒவ்வொரு கோரும் வேகமானது என்பதே காரணம். எட்டு என்ற சொல் சரியா என்ற வழக்கு அமெரிக்காவில் 2015-ல் தொடங்கி, 2019-ல் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. பெட்டியின் மேலுள்ள எண் என்ன எண்ணுகிறது என்று வாங்குபவர் கேட்க வேண்டியதன் அவசியத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் அதிகக் கோர் என்பது வெறும் பேச்சா? அப்படிச் சொன்னால் அது அநியாயம். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் எட்டுக் கோரோடு வந்தன. அவை வலுவற்ற கோர்கள். பிளேஸ்டேஷனில் ஒவ்வொன்றும் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். சாய்ந்துகொள்ள ஒரு வலுவான கோர் இல்லாதபோது, வேலையைப் பரப்பாமல் வழியே இல்லை. உலகத்தின் பெரிய கேம் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இந்த நெருக்கடி வந்தது. நாட்டி டாக் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2015-ல் தங்கள் எஞ்சினை எப்படிச் சிறுசிறு வேலைத் துண்டுகளாக உடைத்தார்கள் என்று விளக்கினார்கள். சும்மா இருக்கும் எந்தக் கோரும் அடுத்த துண்டை எடுத்துச் செய்யும். ஒரு ஃபிரேமின் வரைபட ஆணைகள் தயாராகும்போதே அடுத்த ஃபிரேமின் உலகக் கணக்கு தொடங்கிவிடும். ஒரு நிரை முடிந்தவர் சும்மா உட்காராமல் பக்கத்து நிரைக்குக் கை கொடுப்பதுபோல.

கம்ப்யூட்டருக்கும் அந்தப் பழக்கம் வந்தது. 2014 நவம்பரில் வந்த ‘ஃபார் கிரை 4’, இரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) மட்டுமே உள்ள பிராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. அதற்கு ஆறு வருடம் முன்பே, மூன்று கோர் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக எழுதிக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’, இரட்டைக் கோர் பிராசஸர்களைத் திணற வைத்ததும் இதே காரணத்தால்தான். கன்சோலில் எத்தனை கோர் உண்டோ, ஏறக்குறைய அத்தனையும் கேமுக்குள் வந்துசேர்கிறது. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் எட்டுக் கோரோடேயே நின்றன. கோரின் வலிமையைத்தான் கூட்டின.

அதனால் உச்சவரம்பும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. 2020-ன் ‘மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ வெளிவந்தபோது, பெரிய நகரத்தின் மேல் பறந்தால் முதன்மைத் திரெட் ஒன்று மூச்சு வாங்கும். மற்றக் கோர்கள் பாதி சும்மா இருக்கும். 2022 ஏப்ரலில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய 5800எக்ஸைப் போலவே எட்டுக் கோர். கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் குறைவு. ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான மூன்றாம் நிலை கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆனது. பல கேம்களில் அது தெளிவாக முன்னேறியது. தேவையான தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கோர் காத்திருக்காது. அடுத்த வருடம் எட்டுக் கோர் 7800எக்ஸ்3டி, பெரும்பாலான கேம்களில் பதினாறு கோர் 7950எக்ஸ்3டிக்குச் சமமாகவோ முன்னாலோ நின்றது.

கோர் பற்றிய என் மதிப்பீடு இது: வாக்குறுதி உண்மை, வரம்பும் உண்மை. ஆறு கோர் இன்றைய வாசற்படி. எட்டு நல்ல கோர் போதுமான வீடு. அதற்கு மேல் போடும் காசு வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கும் முப்பரிமாணப் படம் செய்பவருக்கும் பயன்படும். விளையாடுபவருக்குக் கேஷும் ஒற்றைக் கோரின் வேகமும்தான் பயன்.

கார்டு: மலையிறங்கும் இரண்டு லோரி

இரட்டைக் கார்டின் கதை இன்னும் பழையது. 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ 2 கார்டுகள் இரண்டை இணைத்து, திரையின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கிட்டது. அந்த நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய என்விடியா, எஸ்எல்ஐ என்ற அதே சுருக்கத்தை 2004-ல் புதுப் பொருளோடு கொண்டுவந்தது. அடுத்த வருடம், பின்னாளில் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ, கிராஸ்ஃபயரோடு வந்தது. இந்தப் புதிய முறையில் பெரும்பாலும் ஃபிரேம்களே பங்கிடப்பட்டன: ஒற்றைப்படை ஃபிரேம் ஒரு கார்டுக்கு, இரட்டைப்படை ஃபிரேம் மற்றதற்கு.

தாப்பாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ரிங்லெட், லாத்தா இஸ்கந்தர் வளைவுகள் வழியாக இறங்கி வருகிறது. ஒரு லோரி இருந்த இடத்தில் இரண்டு லோரி ஓடினால், ஒரு நாளில் இறங்கும் கூடைகள் இரண்டு மடங்கு. ஆனால் மேலே இன்று பறித்த முட்டைக்கோசு கீழே வந்துசேர ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. அது மட்டுமில்லை. இரண்டு லோரியும் வளைவில் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தால், கடைக்காரருக்கு இரண்டு லோரிச் சரக்கு ஒன்றாகக் குவியும். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. நாளின் கணக்குப் புத்தகத்தில் இரண்டு லோரி. காத்திருந்தவருக்கு ஒரு லோரிதான்.

இதுவே இரட்டைக் கார்டில் நடந்தது. ஒரு கார்டு ஃபிரேமுக்கு 33 மில்லிவினாடி எடுத்தால் வினாடிக்கு 30. இரண்டு கார்டு சரியான இடைவெளியில் மாறி மாறித் தந்தால் 60. ஆனால் இடைவெளி 5, 28, 5, 28 என்று வந்தாலும் சராசரி 16.5தான், மூலையிலுள்ள கணக்கு எண் 60 என்றுதான் காட்டும். கண் உணர்வது 28-ஐ. அதாவது வினாடிக்கு 35 சொச்சம். இதோடு, ஒவ்வொரு ஃபிரேமையும் வரைய ஒரு கார்டு எடுத்துக்கொள்வது அதே 33 மில்லிவினாடி. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையிலான நேரம் ஒரு கார்டில் இருந்ததைவிடக் குறைவதில்லை.

பல வருடங்களாக விளையாடுபவர்கள் இந்தத் தடுக்கலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளவீடு அவர்களை ஆதரிக்கவில்லை. 2011-ல் ஸ்காட் வாசன் என்ற விமர்சகர் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அளந்து எழுதினார். 2013-ல் என்விடியா, திரைக்கு வரும் படத்தையே பதிவு செய்து ஃபிரேம்களின் இடைவெளியை அளக்கும் கருவிகளை விமர்சகர்களுக்குத் தந்தது. அதே வருட ஆகஸ்டில் ஏஎம்டி, இடைவெளியைச் சீராக்கும் டிரைவர் மென்பொருளை வெளியிட வேண்டியதாயிற்று. அளவுகோல் மாறியதும் பொருள் திருந்தியது. திறனாய்வு என்ற வேலைக்கு உலகத்தில் இருக்கும் பயன் இதுதான். நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கும் இதுவே காரணம்.

இரட்டைக் கார்டுக்காரர்களின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாக ஒத்துழைத்த கேம்களில் இரண்டாவது கார்டு எண்பது, தொண்ணூறு விழுக்காடு கூடுதல் வேகம் தந்ததுண்டு. பெரிய திரையை அன்றைய எந்த ஒற்றைக் கார்டாலும் இழுக்க முடியாத நாட்களில், பணம் உள்ளவருக்கு அது ஒன்றே வழியாக இருந்தது. 2012-ன் ஜிடிஎக்ஸ் 690, 2014-ன் ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 ஆகியவை இரண்டு சிப்பையும் ஒரே பலகையில் வைத்தன. பின்னது 500 வாட் இழுத்தது. தண்ணீர்க் குளிரூட்டியோடுதான் விற்பனைக்கு வந்தது. பொறியியல் சாதனை என்ற வகையில் அதை மதிக்கிறேன்.

ஆனால் செலவுத் தட்டில் வைத்தால் இரட்டைக் கார்டு தாழ்ந்துபோகிறது. 2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970 வந்தபோது அறிவித்த விலை 329 டாலர். இரண்டு வாங்கினால் 658. நினைவகம் ஒன்றில் 4 ஜிபி. இரண்டு போட்டாலும் பயன் 4 ஜிபிதான், ஏனென்றால் இரண்டு கார்டும் ஒரே காட்சியின் பொருள்களைத் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். 2016 மே மாதம் ஜிடிஎக்ஸ் 1080, 599 டாலர் தொடக்க விலை என்ற அறிவிப்போடு வந்தது. ஒற்றைக் கார்டு, 8 ஜிபி, 180 வாட். இரண்டு 970-க்கு 290 வாட். இருபது மாதம் பொறுத்தவருக்குத் தடுக்கல் இல்லாமலே எல்லாம் கிடைத்தது.

நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். கூடுதலாக ஒரு 250 வாட் கார்டு, தினம் நான்கு மணி நேரம், முப்பது நாள்: 30 யூனிட். 2025 ஜூலைக்கு முன்பிருந்த வீட்டுக் கட்டணத்தில் 300 யூனிட்டைத் தாண்டியவருக்கு யூனிட்டுக்கு 51.6 சென்; மாதம் பதினைந்தரை வெள்ளி. காசைவிடச் சூடுதான் பெரிய தண்டனை. தகரக் கூரைக்குக் கீழே, மழை வருமுன் புழுங்கும் மாலையில், காற்றாடி மட்டுமே உள்ள அறையில் 250 வாட் சூட்டைக் கூடுதலாகக் கொட்டினால், விளையாடுபவருக்கு முன்னால் கார்டே களைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நானும் ஒரு காலத்தில் ஒரே மாதிரி இரண்டு பழைய கார்டைச் சொருகிப் பார்த்தவன். மேல் கார்டு கீழ் கார்டின் சூட்டைக் குடித்தது. பவர் சப்ளையையும் மாற்ற வேண்டி வந்தது. நான் விரும்பி விளையாடிய கேம்களில் பாதிக்கு இரண்டாவது கார்டு இருப்பதே தெரியவில்லை. மூன்றாம் மாதம் அதைக் கழற்றினேன்.

யார் பொறுப்பு

அந்தப் பாதிக் கேம்களுக்கு ஏன் தெரியவில்லை? மூன்றாவது அளவுகோல் இங்கேதான் வேலை செய்கிறது.

கேமுக்கும் கார்டுக்கும் இடையே பேசும் மென்பொருளான டைரக்ட்எக்ஸின் 11-ம் பதிப்புக் காலம்வரை இரட்டைக் கார்டை ஓட்டும் பாரம் பெரும்பகுதி கார்டு நிறுவனத்தின் தோளில் இருந்தது. ஒவ்வொரு பெரிய கேமுக்கும் தனித்தனி அமைப்பை டிரைவர் மென்பொருளில் எழுதிச் சேர்ப்பார்கள். அதற்குள் கேம்கள் மாறிவிட்டன. ஓரங்களை மென்மையாக்க முந்தைய ஃபிரேம்களைப் பயன்படுத்தும் முறை பரவலானது. முந்தைய ஃபிரேம் மற்றக் கார்டில் அல்லவா இருக்கிறது? அதைக் கொண்டுவரக் காத்திருந்தால் இரண்டு கார்டு வைத்ததன் பயனே போய்விடும். பின்னால் வரும் லோரி, முன்னால் போன லோரியின் சீட்டு வந்தபிறகுதான் புறப்படலாம் என்று சொல்வதுபோல அது.

2015-ல் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ கம்ப்யூட்டர் பதிப்பு பெரும் குறைகளோடு வந்தது. இரட்டைக் கார்டு ஆதரவைப் பின்னர் சேர்ப்பது பற்றி ஆராய்ந்தவர்கள், 2016 பிப்ரவரியில் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அதே காலத்தில் டைரக்ட்எக்ஸ் 12, கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் முழு அதிகாரத்தையும் கேம் எழுதுபவர் கையில் கொடுத்தது. 2016-ல் வந்த ‘ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி’ அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒரு என்விடியா கார்டையும் ஒரு ஏஎம்டி கார்டையும் ஒரே கேமுக்கு உழைக்க வைத்துக் காட்டியது. வழி இருக்கிறது என்று அது நிரூபித்தது. ஆனால் அந்த வழியில் பின்தொடர்ந்தவர்கள் ஒரு கைப்பிடி.

காரணம் சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. எட்டுக் கோருக்காக உழைத்த அதே பொறியாளர்கள்தான் இவர்கள். எட்டுக் கோரைப் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் வைத்திருந்தன. அதற்காகச் செய்த உழைப்பு வாங்குபவர் ஒவ்வொருவரையும் சென்றடைந்தது. இரண்டு கார்டு வைத்த கன்சோல் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிலும் இரட்டைக் கார்டுக்காரர் மிகச் சிறு பங்கு. மிகச் சிலருக்காக மாதக்கணக்கில் உழைத்து, ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மறுபடி சோதிக்க யாருக்கும் கடமை இல்லை. பாரம் கார்டு நிறுவனத்திடமிருந்து கேம் நிறுவனத்துக்கு மாறியபோது, வழியில் அது கீழே விழுந்தது. குனிந்து எடுக்க ஆள் இல்லை.

பிறகு கதவு ஒவ்வொன்றாக மூடியது. 2016-ல் என்விடியா கேம்களுக்கு இரண்டு கார்டோடு நிறுத்திக்கொண்டது; ஜிடிஎக்ஸ் 1060-ல் இரண்டு கார்டைப் பிணைக்கும் இணைப்பையே எடுத்துவிட்டது. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090-க்கு மட்டும் இணைப்பு மிஞ்சியது. 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ அமைப்புகளை டிரைவரில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. 2022-ன் ஆர்டிஎக்ஸ் 4090-ல் இணைப்பு இல்லவே இல்லை.

இதற்கு எதிராக இரண்டு வாதங்களை எதிர்பார்க்கிறேன். முதலாவது: ஜொகூர், குலாயில் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒய்டிஎல் எழுப்பும் தரவு மையத்தில் என்விடியா கார்டுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து உழைப்பதற்கான திட்டம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டதே, அங்கே முடிவது வீட்டில் ஏன் முடியவில்லை? முடியாததில்லை. அங்கே வேலையைப் பங்கிடும் மென்பொருளை எழுதுவதே சிலருடைய முழுநேரத் தொழில், கார்டுகளுக்கிடையே மிக அகலமான பாதை உண்டு, 16.7 மில்லிவினாடிக்கொரு முறை பதில் கேட்கும் கண் எதிரே இல்லை. பொறுப்பு தெளிவாக உள்ள இடத்தில் எண்ணிக்கை பலம் தருகிறது என்பதற்கே குலாய் சாட்சி.

இரண்டாவது: ‘லாஸ்லெஸ் ஸ்கேலிங்’ போன்ற மென்பொருளில், கேமை ஒரு கார்டு வரைய, இடைச்செருகல் ஃபிரேம்களை உருவாக்கும் வேலையை இரண்டாவது கார்டுக்குக் கொடுக்கிறார்களே? இது மதிக்கத்தக்க யோசனை. ஒரே வேலையை இருவருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்காமல், வேறு வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கிறது. பழைய கார்டு சும்மா கிடப்பவர் முயன்று பார்க்கலாம். ஆனால் இடைச்செருகும் ஃபிரேம் எதுவும், அதை ஒரு கார்டு செய்தாலும் இரண்டு செய்தாலும், கையின் அசைவுக்குப் பதில் சொல்வதில்லை. அசைவை வழுவழுப்பாக்கும், அவ்வளவுதான். திரையின் மூலையிலுள்ள எண்ணைக் கூட்டும் எதையும் முதல் அளவுகோலில் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகக் காசு கொடுத்து இரண்டாவது கார்டு வாங்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தீர்ப்பு

கனமான கேமுக்காக இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். விலை எவ்வளவு மலிந்து கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதை வேலை வாங்கும் கடமை இன்று எவரிடமும் இல்லை. அநாதையான பொருளுக்கு மலிவு விலை என்று ஒன்று கிடையாது. உள்ள காசை ஒற்றைக் கார்டில், அதன் நினைவகத்தைப் பார்த்துப் போடுங்கள். பிராசஸரில் ஆறு கோருக்குக் கீழே இறங்காதீர்கள். எட்டுக்கு மேலே ஏறும் முன், அதே விலையில் வேகமான கோரும் பெரிய கேஷும் கிடைக்குமா என்று கேளுங்கள். விமர்சனம் படிக்கும்போது சராசரி எண்ணைத் தாண்டி, மிக மோசமான ஃபிரேம்கள் எத்தனை மில்லிவினாடி என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத விமர்சனத்தை நம்பிக் காசை எடுக்காதீர்கள்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கார்டின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். பிராசஸர் ஆறு கோர், குறையில்லை. அவனுக்குப் பிடித்த கேமை ஓடவிட்டு, ஃபிரேம் நேரத்தைக் கோடாகக் காட்டும் கருவியைப் போட்டோம். பிராசஸர் பாதி ஓய்வில் இருந்தது. கார்டு முழு மூச்சில் ஓடியது. நினைவகம் நிரம்பும் இடங்களில் எல்லாம் கோடு செங்குத்தாக எழுந்தது. அவனுக்கு வேண்டியது அதிக நினைவகமுள்ள ஒரே ஒரு கார்டு. இருப்பதை விற்று, கையிலுள்ளதைச் சேர்த்தால் இன்னும் இரண்டு மாதச் சம்பளத்தில் எட்டும் தூரம்.

“அப்ப இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கணும்ணே,” என்றான்.

“காத்திரு தம்பி,” என்றேன். பீடோர்க்காரருக்கு ‘வேண்டாம்’ என்று செய்தி போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்தான்.